செவிலிமேட்டு ஏரியின் கறுப்புக் கொக்கு

அந்தக் கொக்கு பிறவியிலேயே கறுப்பா, இல்லை எங்கள் ஊருக்கு வந்து கறுத்துப்போனதா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. பதில் தெரியாத ஒன்றைப் பற்றி எழுதலாமா என்ற தயக்கத்தில், மடலின் ஆசிரியர் குழு கேட்டபோது முதலில் முடியாது என்று சொன்னேன். பிறகு, முடியாது என்று சொன்னது சரிதானா என்ற யோசனை வந்து ஒட்டிக்கொண்டது. அது போகவே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் பறவை மையத்தின் மடலில் பணி ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு பக்கம் உண்டு. இதுவரை அதில் எழுதியவர்கள் எல்லோரும் தலை நரைத்தவர்கள். வனத்துறையில் இருந்தவர் எழுதியிருக்கிறார், கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர் எழுதியிருக்கிறார். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஏழு வருடம் பறவை நடைகளுக்கான களப் பொறுப்பாளராக இருந்துவிட்டு, மகள் பிறந்த பிறகு வேலையை விட்டேன். என்னை ஓய்வு பெற்றவர் என்று கூப்பிட்டதைக் கேட்டு என் மாமியார், "கைக்குழந்தக்காரிக்கு ஓய்வா? எந்தக் கடையில குடுக்கறாங்கன்னு கேட்டு எனக்கும் ஒண்ணு வாங்கிக்கினு வா" என்றார்.

என்னை எழுதச் சொன்னவர்கள் இப்போது அந்த வேலையைப் பார்க்கும் இளையவர்கள். அவர்களுக்கு ஒரு சந்தேகம். ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினால் செயலியே பறவையின் பெயரைச் சொல்லிவிடுகிறது. அப்புறம் எதற்கு மூன்று பேர் உட்கார்ந்து ஒவ்வொரு அரிய பறவைப் பதிவையும் சரிபார்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நேரடியாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கொக்கைப் பற்றிச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெள்ளைக் கொக்கில் மூன்று வகை உண்டு என்பதே தெரியாமல் வேலைக்குச் சேர்ந்தேன். ஏரிச் சேற்றில் ஒரு ஜோடி செருப்பைத் தொலைத்தேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் மூன்றையும் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆர்வலர்களை ஏரிக்கு அழைத்துப் போவது, வார நாட்களில் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போவது, மாவட்டத்தில் யாராவது அரிய பறவையைப் பார்த்ததாகச் சொன்னால் அதை முதலில் சரிபார்ப்பது, இவைதான் என் வேலை. கடைசியில் சொன்னதற்கு மட்டும் ஜெயந்தி மேடமும் இன்னொருவரும் உண்டு. மூவரும் சேர்ந்துதான் முடிவு.

ஜெயந்தி மேடம் எனக்கு மேலதிகாரி. அவர் யாரையும் நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. பள்ளிப் பிள்ளைகளையும் வாங்க, போங்க என்பார். ஏரிக்கரையில் நாய் குறுக்கே படுத்திருந்தால்கூட "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்பார். நாமெல்லாம் ஒரு பறவையைக் கண்டதும் கழுத்தில் தொங்கும் இருநோக்கியைத் தூக்குவோம். அவர் தூக்க மாட்டார். முதலில் சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். நம் தோளைத் தொட்டு, வெயில் நம் முதுகில் விழும்படி நகர்த்தி நிறுத்துவார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"வேற என்னவா இருக்கலாம்?"

நாம் ஒரு பெயரைச் சொன்னால் போதாது. அந்தப் பறவை வேறு எவையாக இருக்கலாம் என்று குறைந்தது இரண்டு பெயராவது சொல்ல வேண்டும். அவை ஏன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அவர் இருநோக்கியைக் கண்ணில் வைப்பார். பல நேரம் அதற்குள் பறவை போயிருக்கும். ஆரம்பத்தில் எனக்கு அழுகையே வரும். பறந்துவிட்டதே மேடம் என்றால், "பறக்கட்டும். நீங்க பாத்தது எங்க போவப்போவுது?" என்பார். தப்பு என்ற சொல்லையும் அவர் சொன்னதில்லை. ஒரு பதிவை அவர் ஏற்கவில்லை என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். எங்களுக்குப் புரிந்துவிடும்.

அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. யாழினி பிறந்த பிறகு அவள் அழுதால் பசி என்று நினைப்பேன். வேறு என்னவாக இருக்கலாம்? வயிற்று உப்புசம். வேறு? காது வலி. வேறு? ஒருமுறை உண்மையிலேயே துணிக்குள் ஒரு சிற்றெறும்பு இருந்தது. அன்றிலிருந்து நான் கேட்பதை நிறுத்தவே இல்லை. குழந்தை மருத்துவர் பொறுமையானவர். "சில நேரம் காரணமே இல்லாம அழும்மா" என்று அவர் சொன்னதை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.

இனி எஸ்தர் அக்கா. அவருக்கு நாற்பது வயது இருக்கும். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் விற்பனையில் இருக்கிறார். வீடு செவிலிமேட்டில். எங்கள் ஞாயிறு நடைக்கு இரண்டு வருடமாக வந்துகொண்டிருந்தார், ஆனால் எப்போதும் தாமதமாக. காலை ஆராதனை முடிந்து, கோயிலுக்குக் கட்டிய புடவையோடு, கையில் வேதாகமப் பையோடு, வெயில் ஏறிய பிறகு வந்து சேர்வார். நல்ல பறவைகள் அதற்குள் போயிருக்கும். ஏனாத்தூர்க் கல்லூரியில் படிக்கும் நவீன் என்ற பையன், "எஸ்தர் அக்கா வராங்க, எல்லாரும் பாத்ததெல்லாம் எழுதிக்குங்க, இனிமே ஒண்ணும் நிக்காது" என்பான். அவரும் சிரிப்பார். இரண்டு வருடத்தில் அவராகக் கண்டுபிடித்த பறவை என்று ஒன்றுகூட இல்லை.

அந்தக் கேலி அவரை எங்கோ குத்தியிருக்க வேண்டும். யாரிடமும் சொல்லாமல், வார நாட்களில் கடைக்குப் போவதற்கு முன்னால், வீட்டுக்குப் பின்னால் பாலாற்றுப் பக்கம் இருக்கும் சின்ன ஏரிக்குத் தனியாகப் போக ஆரம்பித்திருக்கிறார். மார்கழியில் ஒரு நாள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கொஞ்சம் ஆடிப்போன படம். கீழே ஒரு வரி: "வெள்ளைக் கொக்குங்க நடுவுல ஒண்ணு கறுப்பா நிக்கிது. தொண்டை மட்டும் வெள்ளை."

நவீன் அந்தப் படத்தைச் செயலியில் போட்டான். ரீஃப் எக்ரெட் என்று வந்தது. தமிழில் கடற்கரைக் கொக்கு என்று சொல்லலாம். பெயருக்கு ஏற்றபடி கடலோரத்திலும் கழிமுகத்திலும் திரிவது. அதில் சில முழுக்கக் கருஞ்சாம்பலாக, தொண்டை மட்டும் வெள்ளையாக இருக்கும். கடல் எங்களிடமிருந்து நல்ல தூரம். எங்கள் பக்கத்து ஏரிகளில் அதைப் பார்த்ததாக யாரும் பதிவு செய்ததில்லை. குழு கொண்டாடியது. சென்னையிலிருந்து ஆட்கள் வழி கேட்க ஆரம்பித்தார்கள். நவீன் அதற்கு எஸ்தர் கொக்கு என்று பெயரே வைத்துவிட்டான், இந்தத் தடவை கேலியாக இல்லை. எஸ்தர் அக்கா பதிலுக்கு ஒரு குரல் செய்தி மட்டும் அனுப்பினார்: "நெஜமாவா சொல்றீங்க? எதுக்கும் மேடம்ங்க பாத்துச் சொல்லட்டும்."

மேடம்களில் ஒருத்தி நான். அந்த மாதத்தோடு வேலையை விடுவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தேன். யாழினிக்கு அப்போது ஏழெட்டு மாதம். என் மேசைக்கு வந்த கடைசிப் பதிவு இதுதான்.

எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருந்தபோது எனக்கு மட்டும் ஒரு மைனா நினைவுக்கு வந்தது.

என் கணவர் வீட்டில் சாயப்பட்டறை வைத்திருக்கிறார்கள். கச்சாப் பட்டு நூலை வெந்நீரில் முக்கி நிறமேற்றி நெசவாளர்களுக்குக் கொடுக்கும் சின்னப் பட்டறை. கல்யாணமாகி வந்த புதிதில் அதன் முற்றத்தில் ஒரு மைனாவைப் பார்த்தேன். மைனாவுக்கு வால் அடியில் வெள்ளை இருக்குமே, அந்த இடம் இதற்கு நல்ல அரக்கு நிறம். புது வகை என்று நினைத்து ஓடிப்போய்ப் படமெடுத்தேன். என் மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது தினமும் பட்டு அலசிக் கொட்டிய தண்ணீரில் குளிக்கும் மைனா. இப்படி ஒரு தவறு செய்ய வேண்டுமென்றால் இந்த ஊரில்தான் இருக்க வேண்டும்.

கறுப்பு முகூர்த்தப் பட்டுக்கு ஆகாத நிறம், பட்டறைகளில் அது அதிகம் ஓடாது. ஆனால் அரக்கும் மயில்பச்சையும் கத்திரிப்பூவும் அலசிய தண்ணீரெல்லாம் ஒன்றாகக் கலந்தால் என்ன நிறம் வரும் என்று எனக்குத் தெரியும். கருஞ்சாம்பல். செவிலிமேட்டு ஏரியின் கோடியில் ஒரு வாய்க்கால் வந்து சேர்கிறது. அதில் எங்கிருந்து என்ன தண்ணீர் வருகிறது என்று எனக்குத் தெரியாது. சாயத்தண்ணீர் வராது என்றும் என்னால் சொல்ல முடியாது.

மாமனாரிடம் கேட்டேன். "பட்டுல ஏர்ற சாயம் எறகுலயும் ஏறும்மா. ரெண்டும் உசுரு இருக்கறதுலேந்து வர்றது இல்ல? பருத்திதான் முரண்டு பண்ணும்" என்றார். "ஆனா சூடு வேணும், புளிப்பு வேணும். பச்சத் தண்ணில நின்னா ஏறுன மாதிரி இருக்கும், நாளு போனா வெளுத்துடும்."

தினமும் அதே தண்ணீரில் போய் நின்றால் என்று கேட்டேன்.

"தெனம் நின்னா தெனம் ஏறும்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதை எஸ்தர் அக்காவிடம் எப்படிச் சொல்வது? இரண்டு வருடமாகத் தாமதமாக வந்து, எல்லோரும் பார்த்து முடித்ததைக் காதால் மட்டும் கேட்டுப் போன ஒருவர், முதல் முறையாகத் தானே ஒன்றைக் கண்டிருக்கிறார். அதன் மேல் நான் சாயம் என்ற சொல்லைக் கொட்டினால், பறவை மட்டுமல்ல, அவர் கண்ணும் பொய்யாகிவிடும். சொல்லாமல் விட்டால் ஏழு வருடம் வாங்கிய சம்பளத்துக்கு நான் என்ன செய்தேன்? குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே ஜெயந்தி மேடத்தை அழைத்தேன். என் சந்தேகத்தைச் சொன்னேன்.

"வேற என்னவா இருக்கலாம்னு இத்தன வருஷமா கேட்டிருக்கேன். இந்தப் பதிலை யாரும் சொன்னதில்ல" என்றார். "சொல்லித்தான் ஆவணும் அகிலா. ஆனா குழுவுல எழுதாதீங்க. ஏரிக்கரையில, கொக்கு முன்னாடி நின்னு, அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. நானும் வரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டஜன் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டோம். குழந்தையைக் கூட்டிப் போகலாமா என்று முந்தின நாள் முழுக்க எனக்கும் எனக்கும் சண்டை. பனி, கொசு, சேறு, பாம்பு. பால் குடிப்பவளை விட்டுவிட்டும் போக முடியாது. கடைசியில் இரண்டு குல்லா, ஒரு கொசுவலை, வெந்நீர் ஃபிளாஸ்க், மாற்றுத் துணி மூட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போய் இறங்கினேன். "பறவை பாக்க வந்தீங்களா, குடித்தனம் வந்தீங்களா?" என்று நவீன் மூட்டையை வாங்கிக்கொண்டான்.

எஸ்தர் அக்கா எங்களுக்கு முன்பே வந்து கரையில் நின்றிருந்தார். பாஸ்டரிடம் சொல்லிவிட்டு மாலை ஆராதனைக்கு மாற்றிக்கொண்டாராம். கொக்கும் இருந்தது.

ஏரியின் நடுவில் திட்டுப்போல் இருந்த இடத்தில் சின்னக் கொக்குகள் பத்துப் பன்னிரண்டு வெள்ளையாக நின்றன. அவற்றுக்கு நடுவில் அதே உயரம், அதே கழுத்து, அதே மஞ்சள் பாதம். நிறம் மட்டும் ஈரச் சிலேட்டு. தொண்டையில் சுண்ணாம்பு தடவியதுபோல் ஒரு வெள்ளை. எத்தனை படம் பார்த்திருந்தாலும் நேரில் பார்ப்பது வேறு. சாயம் கீயம் எல்லாம் மறந்து கொஞ்ச நேரம் சும்மா பார்த்தேன்.

ஜெயந்தி மேடம் வழக்கப்படி எல்லோரையும் கரையைச் சுற்றி நடக்கவைத்து வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்தினார். பிறகு கண்டவரிடம் திரும்பினார். வேறு என்னவாக இருக்கலாம் என்று கேட்டார்.

எஸ்தர் அக்கா தயாராக வந்திருந்தார். மடையான் என்கிற குருட்டுக் கொக்கு நனைந்திருந்தால் இருட்டாகத் தெரியும், ஆனால் அதற்குக் கழுத்து இவ்வளவு நீளம் கிடையாது, பறந்தால் இறக்கை வெள்ளையாகிவிடும் என்றார். சாம்பல் நாரை என்றால் இதைவிட ரொம்பப் பெரிது, பக்கத்தில் நிற்கும் கொக்கை வைத்தே சொல்லிவிடலாம் என்றார். ஜெயந்தி மேடம் தலையசைத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

நான் எஸ்தர் அக்காவைப் பார்த்து, "சாயமா இருக்கலாமோன்னு எனக்கு ஒரு சந்தேகம் அக்கா" என்றேன். மைனாவைப் பற்றியும் வாய்க்காலைப் பற்றியும் சொன்னேன். சென்னையிலிருந்து வந்த ஒருவர் நான் நகைச்சுவை செய்வதாக நினைத்துச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

எஸ்தர் அக்கா இருநோக்கியை எடுத்துக் கொக்கை மறுபடி பார்த்தார்.

"நான் தெனம் புடவை விக்கிறவ" என்றார். "சாயம் போவுமான்னு கேக்காம ஒருத்தர் வாங்கிக்கினு போனதில்ல. எனக்குத் தோணல பாருங்க இது." பிறகு, கடையில் வாடிக்கையாளரிடம் பேசுவது போன்ற குரலில் கேட்டார். "சரி, சாயம்னா எப்பிடி இருக்கும்? எங்க பாக்கணும்? சொல்லுங்க, பாத்துடுவோம்."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தண்ணீரில் நின்று ஏறிய நிறம் என்றால் வயிற்றிலும் தொடையிலும் அதிகமாகவும் தலையிலும் முதுகிலும் குறைவாகவும் இருக்க வேண்டும். இதற்கு மேலும் கீழும் ஒரே நிறம். அலகை முக்கி மீன் பிடிக்கும் பறவைக்கு முதலில் தொண்டைதான் கறைபட வேண்டும். இதற்குத் தொண்டைதான் வெள்ளை. இரண்டும் எஸ்தர் அக்கா பக்கம். ஆனால் அலகு? கடற்கரைக் கொக்குக்கு அலகு கொஞ்சம் தடித்துப் பழுப்பாக இருக்க வேண்டும், சின்னக் கொக்குக்கு மெலிந்து கறுப்பாக. இதன் அலகில் சேறு. பாதிப் பேர் பழுப்பு என்றார்கள், பாதிப் பேர் கறுப்பு என்றார்கள். இரண்டு வகையும் கலந்து பிறந்ததாகவும் இருக்கலாம் என்றார் சென்னைக்காரர், இப்போது சிரிக்காமல்.

யாழினி தோளில் நெளிந்தாள். தொலைநோக்கிக்குக் குனிந்தால் அவள் தலை இடிக்குமோ என்று நான் தள்ளியே நின்றிருந்தேன். ஜெயந்தி மேடம் வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"குழந்தையக் குடுங்க. நீங்க போய்ப் பாருங்க. உங்க வேலை இது."

அவளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். என் மகளிடமும் "இப்பிடி வாங்க" என்றுதான் சொன்னார். ஏழெட்டு மாதத்தில் முதல் முறையாக என் இரண்டு கையும் காலியாக இருந்தன. தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். வேறு எதையும் நினைக்காமல் ஒன்றையே பார்ப்பது எப்படி இருக்கும் என்பதையே மறந்துபோயிருந்தேன். கொக்கு ஒரு காலை எடுத்துத் தண்ணீரைக் கலக்கியது. கழுத்தை மடக்கியது. எதையோ கண்டு பயந்ததுபோல் நிமிர்ந்து, அப்படியே இறக்கையை விரித்துப் பறந்தது. வலது இறக்கை எங்கள் பக்கம் முழுதாகத் திரும்பியது. கருஞ்சாம்பலுக்கு நடுவில், இறக்கையின் வளைவை ஒட்டி, பளிச்சென்று இரண்டு மூன்று வெள்ளை இறகு. அடுத்த நொடி கரை மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது.

நவீன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். கடற்கரைக் கொக்கில் கறுப்பாக இருப்பவற்றுக்குப் பல நேரம் இறக்கையில் சரியாக அந்த இடத்தில் வெள்ளை இருக்கும். எல்லாப் புத்தகத்திலும் படம் உண்டு. எல்லோரும் எஸ்தர் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் மட்டும் அவர்களைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"என்னா மேடம், பேச மாட்டேங்கறீங்க?"

சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. வெள்ளைக் கொக்கு ஒன்று சாயத்தில் கறுத்துப்போய், பிறகு பழைய இறகு சில உதிர்ந்து புதிதாக முளைத்தால், அந்தப் புது இறகும் வெள்ளையாகத்தான் இருக்கும். கறுப்புக்கு நடுவில் இரண்டு மூன்று வெள்ளை. நாங்கள் பார்த்ததும் அதுதான். இடது இறக்கையிலும் அதே இடத்தில் வெள்ளை இருந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோர் படத்திலும் வலது இறக்கைதான்.

"ரெண்டுக்கும் ஒத்துப்போவுது அக்கா" என்றேன்.

எல்லோரும் ஜெயந்தி மேடத்தைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைப்பாரா என்று நான் பார்த்தேன். அவர் துடைக்கவில்லை. என் மகள் அவர் விரலைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். "எனக்கும் தெரியல" என்றார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அதில் கூச்சமோ வருத்தமோ இல்லை. டீ குடிக்கப் போகலாம் என்பதுபோல் சொன்னார். உண்மையில் அடுத்து அதைத்தான் சொன்னார்.

எஸ்தர் அக்கா அதற்குப் பிறகும் தினமும் காலையில் போனார். கொக்கு வெளுக்கிறதா என்று பார்த்தார். வெளுக்கவில்லை. ஆனால் அது வாய்க்கால் பக்கமும் அடிக்கடி போய் நின்றது. மாசியில் தண்ணீர் வற்றியதும் ஒரு நாள் காணாமல் போய்விட்டது.

சரிபார்க்கும் மூவரில் ஒருவர் ஏற்றுக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டார். ஜெயந்தி மேடம், நான்தான் உள்ளூர்க்காரி என்பதால் என் முடிவே தன் முடிவு என்று விட்டுவிட்டார். வேலையை விட்ட பிறகும் இந்த ஒரு பதிவு என்னிடம் இருந்தது. என் கணவர், இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், செயலியும் சொல்கிறது, ஒப்புக்கொள்வதில் உனக்கு என்ன சிரமம் என்றார். எனக்கும் ஆசைதான். எஸ்தர் அக்காவின் பெயருக்கு நேராக மாவட்டத்தின் முதல் பதிவு என்று எழுதுவதைவிட எனக்கு என்ன சந்தோஷம்? ஆனால் சாயம் இல்லை என்று எனக்குத் தெரியாது. கடைசியில், பார்த்தது அத்தனையையும் ஒன்று விடாமல் விவரித்து, மேலே "கருஞ்சாம்பல் நிறக் கொக்கு, இனம் முடிவாகவில்லை. கண்டவர் எஸ்தர்" என்று எழுதினேன். எழுதியபின் அது நேர்மையா, கோழைத்தனமா என்று புரியாமல் இரண்டு நாள் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

நேரில் சொல்ல வேண்டும் என்று யாழினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். மதியம், கூட்டம் இல்லாத நேரம். பிரித்துக் காட்டிய புடவைகளை எஸ்தர் அக்கா மடித்துக்கொண்டிருந்தார். யாழினியை வாங்கிப் புடவைக் குவியலுக்கு நடுவிலேயே உட்காரவைத்தார். அவள் ஒரு ஜரிகைத் தலைப்பைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோக, நான் பதறிப்போய்க் கையைப் பிடித்தேன். "விடுங்க, பட்டுப் புடவைய எச்சில் ஒண்ணும் பண்ணிடாது, மொதலாளிதான் பண்ணுவாரு, அவரு சாப்பிடப் போயிருக்காரு" என்றார்.

நான் எழுதியதைச் சொன்னேன். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை.

"இல்லன்னு எழுதலையே?"

இல்லை என்று எழுதவில்லை என்றேன்.

"தொண்ட வெள்ள, றெக்கைல வெள்ள, அதெல்லாம் இருக்குதா?"

ஒரு வார்த்தைகூட விடவில்லை என்றேன்.

"அப்ப சரி." ஒரு புடவையை மடித்து ஓரத்தை நீவிவிட்டார். "மொதப் பதிவுன்னு போட்டிருந்தா சந்தோஷமாத்தான் இருந்திருக்கும், இல்லன்னு சொல்ல மாட்டேன். நாலு பேருக்கு அனுப்பியிருப்பேன். ஆனா நாளைக்கே எவனாவது வந்து, இது சாயம்மா, இதுகூடத் தெரியலயான்னு சிரிச்சா? மறுபடி லேட்டா வந்த எஸ்தராத்தான் நிக்கணும். தெரியலன்னு எழுதினத யாரு வந்து பொய்யின்னு சொல்லுவான்?"

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் நான் பாடிக்கொண்டு வந்ததாக நினைவு. யாழினி பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

இப்போது ஞாயிறு நடையை ஆராதனை முடிந்த பிறகுதான் இளையவர்கள் தொடங்குகிறார்கள். வெயில் ஏறிவிடுகிறது, பறவை கொஞ்சம் குறைவுதான். நவீன் முணுமுணுத்துக்கொண்டே வருகிறான். முன்னால் நடந்து வழிகாட்டுபவர் எஸ்தர் அக்கா. நானும் முடிந்த வாரங்களில் போகிறேன். யாழினி நடக்கிறாள், சேற்றில் உட்காருகிறாள், நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் எழுந்துவிடுகிறாள். வேலை இல்லாமல் ஏரிக்கரையில் நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இது இவ்வளவு பிடித்திருப்பது சரிதானா என்று சில நேரம் யோசிக்கிறேன். பிறகு ஒரு மீன்கொத்தி போகிறது, விட்டுவிடுகிறேன்.

இந்த மழைக்குப் பிறகு ஏரி மறுபடி நிறைந்திருக்கிறது. போன வாரம் எஸ்தர் அக்கா அழைத்து, தூரத்தில் இருட்டாக ஒன்று தெரிவதாகவும், வெளிச்சம் சரியில்லாததால் இப்போதைக்குக் குழுவில் போடவில்லை என்றும் சொன்னார். கொக்கைப் பிடிக்காமல், துரத்தாமல், தூர நின்றே அது சாயமா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். துணிக்கும் நூலுக்கும் சாயம் போடும் ஊர்களில் இருப்பவர்கள் யாராவது, சாயம் ஏறிய கொக்கையோ நாரையையோ பார்த்திருந்தால் சொல்லுங்கள். நிறம் எங்கே முதலில் பிடித்தது, தொண்டை தப்பியதா, எத்தனை காலத்தில் வெளுத்தது, புது இறகு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வந்ததா? கடலோரத்தில் இருப்பவர்கள், அலகில் சேறு இருந்தாலும் அந்தக் கொக்கை நீங்கள் எதை வைத்து அடையாளம் காண்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம், மையத்தின் வழியாக எஸ்தர் அக்காவுக்கு அனுப்புங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும். அவர் உண்மையில் பார்த்தாரா என்று கேட்டு எழுதாதீர்கள். அவர் பார்த்தார். பார்த்தது என்ன என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு வழி சொல்லுங்கள்.